நூறு சைக்கிள் வெளிச்சம்

எங்கள் வீட்டில் 'ஹம்' என்பது ஒரு நோயின் பெயர்.

அப்பா ரேடியோ மெக்கானிக். ரங்கூன் நகர மையத்தின் குறுகலான தெருக்களில் ஒன்றில், நாங்கள் இப்போதும் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், நாற்பது வருஷத்துக்கு மேல் அவருடைய கடை இருந்தது. ரிப்பேருக்கு ஒரு வால்வு செட் வந்தால் அதை மேஜைமேல் வைத்து, சூடாகும்வரை காத்திருந்து, ஸ்டேஷன் எதையும் பிடிக்காமல் ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டிக்கொள்வார். அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு எல்லா இரைச்சலும் ஒன்றுதான். அவருக்கு அப்படி இல்லை. "நூறு சைக்கிள். ஃபில்டர் கண்டென்சர் போச்சு" என்பார். வேறொரு செட்டில், "இது அம்பது. கிரவுண்டு எங்கயோ விட்டிருக்கு, வயரைப் பாரு" என்பார். அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர் கைக்கு வரும்.

கணக்கு எளிது. சைக்கிள் என்றால் வினாடிக்கு ஓர் ஆட்டம். கம்பியில் வரும் கரண்ட் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது. கரண்டை ஒரே பக்கமாக ஓடவைக்கும் ரெக்டிஃபையர் அந்தப் பின்பக்க ஆட்டத்தையும் மடித்து முன்பக்கம் கொண்டுவந்துவிடுவதால் 50 என்பது 100 ஆகிறது. அந்த மேடுபள்ளத்தை நிரப்பிச் சமமாக்குவது கண்டென்சரின் வேலை. கண்டென்சர் காய்ந்துபோனால் மேடுபள்ளம் அப்படியே ஸ்பீக்கருக்கு வந்துவிடும். இலங்கை வானொலியும் பிபிசி தமிழோசையும் கேட்பதற்காகவே செட் வைத்திருந்தவர்கள் நிறையப் பேர் எங்கள் தெருவில் இருந்தார்கள். கடல் தாண்டி வரும் தமிழ்க் குரலுக்கு அடியில் ஹம் ஓடக்கூடாது என்பதுதான் அப்பாவின் வாழ்நாள் வேலை.

அந்த ஹம்மைத்தான் போன வருஷம் நான் வேண்டுமென்றே செய்யத் தொடங்கினேன். வெளிச்சத்தைச் சத்தமாக்கும் ஒரு சின்னப் பெட்டி.

என் தொழில் சோலார் பேனலும் பேட்டரியும் இன்வெர்ட்டரும் மாட்டுவது. எங்கள் தெருவில் கரண்ட் நான்கு மணி நேரம் இருந்தால் எட்டு மணி நேரம் இருக்காது. அதனால் ஒரே வீட்டில் நான்கு வகை விளக்கு இருக்கும்: கரண்ட் விளக்கு, நடைபாதையில் நிற்கும் ஜெனரேட்டரிலிருந்து வரும் விளக்கு, பேட்டரி விளக்கு, கடைசியில் மெழுகுவர்த்தி. நாள் முழுக்க இவற்றுக்கு நடுவிலேயே உழல்கிறவனுக்கு ஒரு வெளிச்சம் இன்னொன்றைப்போல இல்லை என்று கண்ணில் ஏதோ உறுத்திக்கொண்டே இருக்கும். என்ன வித்தியாசம் என்று சொல்லத் தெரியாது. காதால் கேட்டால் தெரியுமோ என்ற எண்ணம் வந்தது.

முதலில் செய்தது எல்லாரும் செய்வது. ஓர் எல்.டி.ஆர்., விசில் போடும் ஒரு 555 சிப், ஒரு ஸ்பீக்கர். எல்.டி.ஆர். என்பது வெளிச்சம் பட்டால் தடை குறையும் ஒரு சின்ன வில்லை. அதை 555இல் கோத்தால், வெளிச்சம் கூடக் கூட விசில் மேலே ஏறும், கையால் மறைத்தால் இறங்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கு இரண்டு நாளில் சலித்துவிட்டது. ஏனென்றால் அங்கே பாடுவது சிப்தான். வெளிச்சம் அதன் குமிழைத் திருப்புகிறது, அவ்வளவே. மெழுகுவர்த்தியைக் காட்டினாலும் டியூப் லைட்டைக் காட்டினாலும் அதே குரல், உயரம் மட்டும் வேறு. நான் கேட்க நினைத்தது விளக்கின் சொந்தக் குரலை. போதாததற்கு எல்.டி.ஆர். சோம்பேறி. வினாடிக்கு நூறு தடவை வெளிச்சம் ஏறி இறங்கினால் அதனால் பின்தொடர்ந்து ஓட முடியாது.

சோலார் செல் ஓடும். உடைந்துபோன ஒரு தோட்ட விளக்கிலிருந்து தீப்பெட்டி அளவு செல்லை எடுத்தேன். வெளிச்சம் பட்டால் அதிலிருந்து கரண்ட் வரும். வெளிச்சம் துடித்தால் அந்தக் கரண்டும் துடிக்கும். அந்தத் துடிப்பை மட்டும் எடுத்துப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் போதும், நடுவில் விசில் போடும் சிப் எதுவும் வேண்டாம். பெருக்குவதற்கு எல்.எம். 386. எட்டுக் கால் உள்ள சிப், ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும். சும்மா விட்டால் 20 மடங்கு பெருக்கும். ஒன்றாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் நடுவில் ஒரு 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் போட்டால் 200 மடங்கு. செல்லுக்கும் சிப்புக்கும் நடுவிலும் ஒரு கண்டென்சர் இருக்க வேண்டும். அது அசையாத வெளிச்சத்தைத் தடுத்து, அசைவை மட்டும் உள்ளே விடும். செல்லின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போட மறக்கக்கூடாது. அது இல்லாவிட்டால் கொஞ்சம் அதிக வெளிச்சத்திலேயே செல் நிறைந்துபோய் ஊமையாகிவிடும். நான் 4.7 கிலோ ஓம் போட்டேன்.

மொத்தத்தையும் ஓட்டை போட்ட போர்டில் ஈயம் வைத்து முடிக்க ஒரு சாயங்காலம் ஆனது. பேட்டரியை மாட்டியதும் ஸ்பீக்கரிலிருந்து 'புட் புட் புட் புட்' என்று ஒரு சத்தம். வெளிச்சத்தை மறைத்தாலும் புட் புட். சால்டரிங் அயர்னை எடுத்து ஒவ்வொரு முனையாகத் திரும்பச் சூடு காட்டினேன். நிற்கவில்லை.

சாய்வு நாற்காலியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. கண்ணைத் திறக்கக்கூட இல்லை.

"படகு ஓடுதுடா."

ரேடியோக்காரர்கள் இதை மோட்டார் போட்டிங் என்பார்கள். ஸ்பீக்கர் கரண்டை இழுக்கும்போது பேட்டரியின் வோல்ட் துளி இறங்குகிறது. அந்த இறக்கத்தை முன்பகுதி ஒரு சத்தம் என்று நினைத்து மறுபடி பெருக்குகிறது. அது திரும்ப வோல்ட்டை இறக்குகிறது. வாலைப் பிடிக்க ஓடும் நாய்மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். "முன்னாடி சப்ளையைத் தனியாப் பிரி. நூறு ஓம் போட்டு, நூறு மைக்ரோ கிரவுண்டுக்குப் போடு." போட்டேன். படகு நின்றது. அதற்குப் பிறகு வந்த அமைதியில்தான், தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த டியூப் லைட் கேட்டது.

'ம்ம்ம்ம்ம்.'

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நூறு. ஃபில்டர் போடலையா?"

"போட்டிருக்கேன்பா. ரெக்டிஃபையரே கிடையாது. பேட்டரிலதான் ஓடுது."

"அப்ப எங்கேர்ந்து வருது ஹம்மு?"

நான் செல்லின்மேல் கையை வைத்து மறைத்தேன். சத்தம் நின்றது. கையை எடுத்தேன். வந்தது. இரண்டு முறை செய்து காட்டினேன். அவர் டியூப் லைட்டை நிமிர்ந்து பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார். கண்டென்சர் காயவில்லை, கிரவுண்டு விடவில்லை. விளக்கே அப்படித்தான் எரிகிறது. கரண்ட் முன்னே போகும்போது ஒரு முறை, பின்னே வரும்போது ஒரு முறை, வினாடிக்கு நூறு தடவை அது மின்னி மங்குகிறது. கண்ணுக்கு அது ஒரே வெளிச்சம்.

அன்றிலிருந்து வீட்டில் இருந்த விளக்கையெல்லாம் கேட்டேன். பழைய குண்டு பல்பு மென்மையானது. உள்ளே சூடான கம்பி அதற்குள் ஆறிவிடாது, அதனால் நூறு தடவையும் லேசாகத்தான் மங்கும். சத்தம் தம்பூராவின் மந்தரக் கம்பியைப்போல உருண்டையாக இருக்கும். மலிவான எல்.இ.டி. பல்பு அப்படி இல்லை, வண்டுபோலக் கரகரக்கும். அதற்குள் இருக்கும் கண்டென்சர் சின்னது என்பதுதான் காரணம். நல்ல எல்.இ.டி.யில் கிட்டத்தட்டச் சத்தமே வராது. இப்போது வாடிக்கையாளர் வீட்டில் பல்பு மாட்டும்போது இந்தப் பெட்டியை ஒரு தடவை நீட்டிப் பார்த்துவிடுகிறேன். 'இதில் படிக்க உட்கார்ந்தால் தலை வலிக்கிறது' என்று சொல்பவர்களின் விளக்கை நீட்டிக் கேட்டால் பெரும்பாலும் கரகரப்பாகத்தான் இருக்கிறது. பழைய சோக் போட்ட டியூப் லைட்டின் நடுப்பகுதியில் நூறு கேட்கும். ஓரத்துக்குக் கொண்டுபோனால் அதோடு ஐம்பதும் சேர்ந்து வரும், ஒவ்வொரு முனையும் ஒரு பக்க ஆட்டத்தில்தான் நன்றாக எரிகிறது என்பதால். டிவி ரிமோட்டின் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் 'ட்ர்ரிக், ட்ர்ரிக்' என்று வெட்டுக்கிளி மாதிரி கேட்டது. ஸ்வேடகோன் பகோடாவுக்குப் போனபோது ஹெட்போனோடு ஓரமாக நின்றேன். புத்தர் சிலைகளின் தலைக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி ஓடும் எல்.இ.டி. ஒளிவட்டம், வட்டத்துக்கு ஒரு தாளம் என்று துல்லியமாகத் தட்டிக்கொண்டிருந்தது.

சூரியனுக்குச் சத்தமே கிடையாது. இதை எதிர்பார்த்திருக்க வேண்டும், ஆனாலும் முதல் தடவை மொட்டைமாடியில் செல்லை வெயிலுக்கு நேரே பிடித்தபோது நான் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தேன். இருப்பதிலேயே பெரிய வெளிச்சம் இருப்பதிலேயே அமைதியாக இருக்கிறது. எதிரே ஒரு புறா பறந்தால் மட்டும் 'ஃப்ஃப்ப்' என்று அதன் நிழல் சிறகடிக்கும். டேபிள் ஃபேனை வெயிலுக்கும் செல்லுக்கும் நடுவில் ஓடவிட்டால் வெயில் தாழ்வாக உறுமும்.

வெயிலைப் பேச வைக்க முடியும் என்று 1880இலேயே அலெக்சாண்டர் கிரஹாம் பெல் செய்து காட்டியிருக்கிறார். டெலிபோனுக்கு நான்கு வருஷம் கழித்து. அதற்கு முன், 1873இல், வில்லோபி ஸ்மித் என்ற தந்திப் பொறியாளர் கடலடிக் கேபிள்களைச் சோதிக்க வைத்திருந்த செலினியம் துண்டுகளின் தடை வெளிச்சம் பட்டால் குறைகிறது என்று அறிவித்திருந்தார். பெல் அதை எடுத்துக்கொண்டார். மெல்லிய கண்ணாடி ஒன்றில் வெயிலைப் பட வைத்து, கண்ணாடியின் பின்னால் வாய் வைத்துப் பேசினால் கண்ணாடி அதிர்கிறது. திரும்பிப் போகும் வெயிலும் அதே அதிர்வோடு போகிறது. மறுமுனையில் செலினியமும் பேட்டரியும் டெலிபோன் காதும். அவரும் உதவியாளர் சார்ல்ஸ் டெயின்டரும் 1880 ஜூன் 3 அன்று வாஷிங்டனில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையிலிருந்து 213 மீட்டர் தூரத்துக்கு இப்படிப் பேச்சை அனுப்பினார்கள். கம்பி இல்லை. இதைத்தான் ஃபோட்டோஃபோன் என்றார்கள். அந்த வருஷத் தொடக்கத்திலேயே பெல் தன் அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்: சூரியக் கதிர் பேசுவதை, சிரிப்பதை, இருமுவதை, பாடுவதைத் தன் காதால் கேட்டுவிட்டதாக. அவருடைய அப்பாவுக்கும் காதுதான் தொழில், பேச்சு உச்சரிப்பு சொல்லிக்கொடுப்பவர்.

இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னேன். பெரிதாக ஆச்சரியப்படவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "சினிமாக் கொட்டகைல எல்லாம் அதானே" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய ஃபிலிமில் படத்தின் ஓரமாக, மேடும் பள்ளமுமாக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அதுதான் சத்தம். புரொஜெக்டரில் படம் விழும் இடத்துக்குக் கீழே இன்னொரு சின்ன விளக்கு இருக்கும், எக்சைட்டர் லாம்ப் என்று பெயர். அதன் வெளிச்சம் மயிரிழை போன்ற ஒரு பிளவு வழியாக அந்தக் கோட்டின்மேல் விழுந்து, மறுபக்கம் இருக்கும் ஃபோட்டோ செல்லுக்குப் போகும். கோடு அகலமானால் வெளிச்சம் கூடும், குறுகினால் குறையும். செல்லிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு, அங்கிருந்து திரைக்குப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கருக்கு. விளக்கு கீழே இருப்பதால் ஃபிலிமில் சத்தத்தைப் படத்துக்குச் சுமார் 20 கட்டம் முன்னால் அச்சடித்திருப்பார்கள். எம்.ஜி.ஆர். பேசியதும் சிவாஜி முழங்கியதும் கொட்டகையில் இருந்தவர்கள் காதுக்கு வெளிச்சமாகத்தான் வந்து சேர்ந்தது. என் பெட்டி செய்யும் அதே வேலை.

அப்பா மேலே சொன்னார். அறுபதுகளின் தொடக்கம், அவருக்குப் பதினைந்து வயது, தன் வாத்தியாரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த காலம். ரங்கூனுக்குத் தெற்கே ஓர் ஊரிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான்: கொட்டகையில் படம் ஓடுகிறது, வசனத்தைவிட ஹம் பெரிதாக இருக்கிறது, ஜனங்கள் கத்துகிறார்கள். வாத்தியார் இவரையும் கூட்டிக்கொண்டு போனார். ஆம்ப்ளிஃபையரைக் கழற்றி ராத்திரி முழுக்கப் பார்த்தார்கள். ஒரு பழுதும் இல்லை. விடியற்காலை வாத்தியார் எல்லா வயரையும் திரும்ப மாட்டிவிட்டு, எக்சைட்டர் லாம்ப்பைத் துணியால் மூடச் சொன்னார். ஹம் நின்றது. அந்த விளக்குக்கு டி.சி. கொடுக்கும் ரெக்டிஃபையரில்தான் கண்டென்சர் காய்ந்திருந்தது. ஹம் வயர் வழியாக வரவில்லை. வெளிச்சத்தோடு கலந்து வந்திருக்கிறது.

"நீ கையை வச்சு மறைச்சியே, அதேதான் அவரும் செஞ்சாரு" என்றார் அப்பா.

அறுபது வருஷமாக இவர் மனதில் இருந்த ஒரு விஷயத்தை, நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி அவருக்கே விளக்கிக்கொண்டிருந்தேன். அதைவிட அவருடைய வாத்தியாரைப் பற்றி இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை. 1964இல் கடைகளெல்லாம் அரசாங்கத்துக்குப் போனபோது, ஆயிரக்கணக்கான தமிழர்களைப்போல அவரும் மதராஸுக்குக் கப்பல் ஏறியவர். கையோடு கொண்டுபோக விட்டது மிகக் கொஞ்சம். மீதியைத் தன் சிஷ்யனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே, பஞ்சில் சுற்றி, ஒன்பது டிரான்சிஸ்டர்கள். ஓ.சி. 71. ஐம்பதுகளில் வந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று நீளமான கண்ணாடிக் குப்பி, மேலே கறுப்புப் பெயின்ட், அடியில் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று மூன்று கால், கலெக்டர் எது என்று காட்ட ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. "கறுப்பு எதுக்கு அடிச்சிருக்கான் தெரியுமா?" என்று கேட்டார். வெளிச்சம் பட்டால் இது தானாகக் கரண்ட் விட ஆரம்பித்துவிடும். ரேடியோவில் அது தொல்லை, அதனால் கண்ணை மூடி வைத்திருக்கிறார்கள். ஓ.சி.பி. 71 என்று இதே சாமானைப் பெயின்ட் இல்லாமல், வெளிச்சம் உணரும் டிரான்சிஸ்டர் என்று அதிக விலைக்கு விற்றார்கள். விவரம் தெரிந்தவர்கள் சாதா 71ஐ வாங்கிப் பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டார்கள். அதனால் பின்னால் வந்தவற்றில் கண்ணாடிக்கு உள்ளேயே வெளிச்சம் புகாத பசையை அடைத்துவிட்டார்களாம்.

அப்பா அரை பிளேடு ஒன்றை எடுத்தார். கை லேசாக நடுங்கும் அவருக்கு இப்போது, எழுபத்தெட்டு வயது. முழங்கையை மேஜையில் ஊன்றி, குப்பியை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, பிளேடைச் சாய்த்து வைத்து இழுத்தார். பெயின்ட் சுருள் சுருளாக வரவில்லை, பொடிப்பொடியாக, அடுப்புக்கரி மாதிரி வந்தது. முதல் குப்பியில் அடியில் பால்போல மூடிய பசை. அது உதவாது என்று தனியே வைத்தார். இரண்டாவதில் ஓர் அரிசி அளவு இடம் சுரண்டியதுமே கண்ணாடி தெளிந்தது. உள்ளே நிறமில்லாத பசைக்கு நடுவில், ஒரு தகட்டில், எள்ளைவிடச் சின்னதாகச் சாம்பல் நிறத்தில் ஒரு சில்லு. அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொட்டு. அறுபது வருஷத்துக்கு மேல் இருட்டில் இருந்த சாமான். அப்பா அதை ஜன்னல் பக்கம் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

மூன்றாவதை நான் சுரண்டினேன். அழுத்திவிட்டேன், கழுத்தில் விரிசல் விட்டுவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் மனது ஆறவில்லை.

சோலார் செல்லுக்குப் பதில் அப்பா சுரண்டிய அந்த இரண்டாவது 71ஐ மாட்டினோம். எமிட்டர் பிளஸ் பக்கம், கலெக்டரிலிருந்து ஒரு ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு, பேஸ் எதிலும் சேராமல் சும்மா. ஜெர்மானியத்துக்கு ஒரு குணம்: சூடு ஏறினால் ஒழுகும். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரங்கூன் சித்திரை வெயிலில் மத்தியானம் வெறும் 'உஸ்ஸ்'தான், ராத்திரிதான் வழிக்கு வரும். இன்னொரு குணத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். புது எல்.இ.டி.யை இது பலவீனமாகத்தான் கேட்கிறது. குண்டு பல்பையும் நெருப்பையும் அபாரமாகக் கேட்கிறது. ஜெர்மானியத்தின் கண் அகச்சிவப்பில்தான் கூர்மை, எல்.இ.டி.யில் அது கிடையாது, நெருப்பில் பெரும்பங்கு அதுதான். அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் அந்தக் காலத்து வெளிச்சத்தைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. பெட்டியில் ஒரு சுவிட்ச் வைத்தேன், ஒரு பக்கம் சோலார் செல்லின் சிலிக்கான், மறுபக்கம் 71இன் ஜெர்மானியம். முன்னால் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, அதன் வாயில் அப்பா பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடி.

லென்ஸ் வந்ததும் தெருவே உள்ளே வந்துவிட்டது. எங்கள் பால்கனியிலிருந்து எதிர்க் கட்டடம் இருபது அடிகூட இருக்காது. ஒவ்வொரு மாடியிலிருந்தும் கீழே கயிறு தொங்கும், நுனியில் கிளிப் மாட்டி, பேப்பரும் காய்கறியும் மேலே இழுக்க. கரண்ட் போன ராத்திரியில் குழாயை மாடி மாடியாகத் திருப்பினால், மூன்றாம் மாடியில் ஒரே அளவாகக் கரகரப்பது இன்வெர்ட்டர். நான்காவது மாடியில் சத்தமே இல்லாதது பேட்டரி. முதல் மாடியில் கிட்டத்தட்ட நூறுதான், ஆனால் நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, அது ஜெனரேட்டர். இன்னொருவர் வீட்டு ஜன்னலுக்கு நேராகக் குழாயைப் பிடிப்பது சரியில்லை என்று தோன்றியதால் அன்றோடு நிறுத்திவிட்டேன். இப்போது தெருவிளக்கையும் கோயிலையும்தான் கேட்கிறேன்.

கோயில் என்றதும் அத்தையைச் சொல்ல வேண்டும். தெருமுனை அம்மன் கோயிலில் சாயங்கால வகுப்பில் எனக்கும் என் வயதுப் பிள்ளைகளுக்கும் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஒளி என்று சொன்னால் பாதிப் பேர் ஒலி என்று எழுதி நிற்போம். நாக்கை மடித்துக் காட்டி மடித்துக் காட்டி அவருக்கு அலுத்துப்போகும். பெட்டியைக் கேட்டுவிட்டு முதலில் அவர் சொன்னது, "அப்ப நீங்க தப்பா எழுதுனப்ப நான் மார்க்கைக் குறைச்சிருக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை பூஜைக்கு அத்தைதான் பாடுவார், ஐந்து கட்டைச் சுருதியில். அன்று கரண்ட் இல்லை, கோயில் ஜெனரேட்டரில் இரண்டு பழைய குண்டு பல்பு எரிந்தது. நான் பெட்டியை மண்டபத்துத் தூண் ஓரமாக வைத்து மெதுவாகப் பாடவிட்டேன். அத்தை போனில் சுருதி ஆப்பைத் திறக்கப் போனவர் நின்றுவிட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது அஞ்சரை" என்றார்.

நான் போனில் அளந்தேன். 104 ஹெர்ட்ஸ், அப்பா பாஷையில் 104 சைக்கிள். ஐந்தரைக் கட்டையின் கீழ் ஸ்தாயி சரியாக அங்கேதான் விழுகிறது. நல்ல கரண்டில் எரியும் விளக்கு 100இல் நிற்கும், அதாவது ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே. சின்ன ஜெனரேட்டர் பாரம் இல்லாதபோது வேகமாகச் சுற்றுவதால் 104. நான் மடப்பள்ளிக்குப் போய் ஃபிரிட்ஜையும் தண்ணீர் மோட்டாரையும் போடச் சொன்னேன். ஜெனரேட்டர் முனகியது, விளக்கு துளி மங்கியது, சுருதி வழுக்கிக்கொண்டு இறங்கி 98இல் நின்றது.

"இப்ப அஞ்சு" என்றார் அத்தை. கண்ணை மூடி அந்த 'ம்ம்ம்'மிலேயே சுருதி சேர்த்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். தண்ணீர்த் தொட்டி நிரம்பி மோட்டார் நின்றபோது விளக்கின் குரல் மேலே நழுவியது. பாட்டை நிறுத்தாமல், ஒரு மூச்சில், அவரும் கூடவே ஏறிவிட்டார். அப்பா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயர்ந்த சத்தங்கள் இப்போது அவர் காதுக்கு எட்டுவதில்லை, கொசு பாடினால்கூடத் தெரியாது. இந்தத் தாழ்ந்த நூறு மட்டும் முழுசாகக் கேட்கிறது. நாற்பது வருஷம் எதை அணைக்கப் போராடினாரோ, அதை அன்றைக்குக் கைவிரலால் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார்.

பூஜை முடிந்து ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். கருவறையில் நல்லெண்ணெய் விளக்கு மட்டும். நான் சுவிட்சை ஜெர்மானியத்துக்குத் திருப்பி, ஹெட்போனை அப்பா காதில் மாட்டினேன். எண்ணெய் விளக்கில் ஹம் கிடையாது. அசையாமல் எரிந்தால் ஒன்றுமே கேட்காது. காற்று லேசாகப் பட்டால் கொடியில் காயும் துணிபோல 'படபட' என்று மெல்ல அடித்துவிட்டு அடங்கும். பூசாரி சூடம் ஏற்றிக் காட்டியபோது அப்பா கையை உயர்த்தி என்னைப் பேசவிடாமல் நிறுத்தினார். அப்புறம் ஹெட்போனை வாங்கி நானும் கேட்டேன். எங்கோ தூரத்தில் யாரோ வேகமாக நடந்து வருவது மாதிரி இருந்தது.

பர்மிய மொழியில் நெருப்புக்கும் விளக்குக்கும் கரண்டுக்கும் ஒரே சொல்தான், 'மீ'. கரண்ட் வந்ததும் தெருப் பிள்ளைகள் எல்லாரும் "மீ லா பீ!" என்று கத்துவார்கள், மீ வந்துவிட்டது என்று. அன்றும் கத்தினார்கள். ஹெட்போனில் சூடத்தின் படபடப்புக்குமேல் நூறு வந்து மூடிக்கொண்டது.

டப்பாவில் இன்னும் ஆறு ஓ.சி. 71 சுரண்டாமல் இருக்கிறது. அத்தை தனக்கு ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பிளேடு வேலையைத் தானே செய்வதாக அப்பா சொல்லிவிட்டார்.